ஆணிப்பலகை வாத்தியாரும் கவசப் பெட்டியும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. நிற்க இடம் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். மொத்தம் நாற்பது வீடுகள். நாற்பதிலிருந்தும் ஆள் வந்திருப்பார்கள். சிலர் மடிக்கணினியைப் பச்சைக் குழந்தை போல மார்போடு அணைத்திருப்பார்கள். ஒருவர் மேசைக் கணினியையே திரையும் வயருமாக லிஃப்டில் இறக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, “இதையும் கொஞ்சம் பாத்துடுங்க சார்” என்பார்.

பார்ப்பவர் சாதாரண ஆளில்லை. கவசக்காரர்! கழுத்துப்பட்டை, வெள்ளைக் கையுறை, மூக்கின் நுனியில் கண்ணாடி. கணினியை அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார். மூடியின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். கூட்டமும் சேர்ந்து மூச்சை அடக்கும்.

“ம்ம்... இருக்கு.”

“எத்தனை சார்?”

“ஏழு வைரஸ். ரெண்டு பழசு. அஞ்சு நேத்து வந்தது.”

“நேத்தா? நேத்து நான் அதத் தொடவே இல்லியே!”

“தொடாதப்பதான் வரும்.”

கூட்டம் ‘ஆ’ என்றது. தொட்டால் வரும் என்று சொல்லியிருந்தாலும் அதே ‘ஆ’தான் வந்திருக்கும். ‘ஆ’ சொல்வதற்கென்றே காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவர்கள்.

மேடையின் நடுவே ஒரு தாய்ப்பெட்டி. டிரங்குப் பெட்டி அளவு, கறுப்பு நிறம், தலையில் சிவப்பு எண்கள் ஓடும் பலகை. குடியிருப்பின் மேல் நடக்கும் தாக்குதல்களைத் தடுத்துத் தடுத்து அது எண்ணிக்கொண்டே இருக்கும். 48,211. 48,212. 48,214. ஒன்று விட்டு ஒன்று தாவும்போது கூட்டம் ஒரு அடி பின்வாங்கும். “பாத்தீங்களா, ஒரே நேரத்துல ரெண்டு பேர்!” என்பார் கவசக்காரர்.

தாய்ப்பெட்டி ஈன்ற குட்டிகள்தான் வீட்டுக்கு வீடு இருக்கும் கவசப் பெட்டிகள். உள்ளங்கை அளவு. ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். பச்சை விளக்கு எரியும், எண் ஓடும். பச்சை எரியும்வரை உலகத்தில் எந்தத் திருடனும் உங்கள் கணினியை எட்டிப் பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட மகானை இந்தக் குடியிருப்புக்கு அழைத்து வந்த புண்ணியவான் யார்? கடைந்தெடுத்த முட்டாள் எவனோ என்று நினைத்தால் தப்பு. அழைத்து வந்தவர் மூடநம்பிக்கை ஒழிப்பு வீரர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஆணிப்பலகை வாத்தியார்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய், ஆயிரம் ஆணி அடித்த பலகையில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக் காட்டுவார். “இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. என் எடைய ஆயிரம் ஆணி பங்கு போட்டுக்குது. ஒவ்வொரு ஆணிக்கும் கிடைக்கிறது எள்ளளவு. ஒரே ஒரு ஆணி மேல படுங்க, அப்பத் தெரியும்!” என்று படுத்தபடியே பாடம் நடத்துவார். பேய் ஓட்டுகிறவன், தாயத்துக் கட்டுகிறவன், கையசைத்துத் தங்கம் வரவழைக்கிறவன் என்று அவர் முகத்திரையைக் கிழித்த ஆட்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பே தேறும். அதையெல்லாம் சேர்த்துப் பதினோரு வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அத்தியாயம், கடைசி ஒன்று மட்டும் பாக்கி. பதிப்பாளர் காத்திருந்தார். புத்தகம் முழுக்க வீட்டுக் கணினியில் இருந்தது.

அப்படிப்பட்டவர் எப்படி விழுந்தார்?

கவசக்காரர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, “இது நம்பிக்கை சமாச்சாரமே இல்ல சார். நம்பிக்கை வச்சிருக்கிறவங்க கிட்ட நான் போறதே இல்ல. இது குவாண்டம் அதிர்வெண். மத்தவங்களுக்கு விளக்கணும். உங்களுக்கு எதுக்கு விளக்கம்? நீங்க இயற்பியல்!” என்றார்.

வாத்தியாருக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் ‘உங்களுக்கு எதுக்கு விளக்கம்’ என்று கேட்ட பிறகு, விளக்குங்கள் என்று எப்படிக் கேட்பது? தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டு ஆட்டியதில் மீதி முப்பத்தொன்பது வீடும் விழுந்தது. “ஆணிப்பலகை வாத்தியாரே வாங்கிட்டாரு!”

கவசப் பெட்டிக்கு மூன்று விதிகள் உண்டு.

முதல் விதி, கணினியில் அப்டேட் போடக் கூடாது. “வாசல்ல காவலுக்கு ஆள் நிக்கிறப்ப, தினம் கதவக் கழட்டி மாட்டுவீங்களா?”

இரண்டாம் விதி, எதற்கும் வெளியே பிரதி வைக்கக் கூடாது. “தனி டிஸ்க்குல ஒண்ணு எடுத்து வச்சீங்கன்னா, வைரஸுக்கு நீங்களே விருந்தாளி ரூம் கட்டிக் குடுத்த மாதிரி.”

மூன்றாவதுதான் முக்கியம். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பெட்டியின் வாயில் போட வேண்டும். “பெட்டிக்கு முதலாளி யாருன்னு தெரிஞ்சாதான காவல் காக்கும்?” மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால், கவசக்காரர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அதற்குச் சார்ஜ் ஏற்றித் தருவார்.

கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி உண்டியலில் போடச் சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். அதே உண்டியலில் பச்சை விளக்கு எரிந்தால் இயற்பியல் வாத்தியார் பேனா தேடுவார்.

இருந்தாலும் முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று வாத்தியார் ஒரு தந்திரம் செய்தார். சீட்டில் வேண்டுமென்றே கடவுச்சொல்லைத் தப்பாக எழுதிப் போட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தச் சனிக்கிழமை கவசக்காரர் பெட்டிகளோடு உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வாத்தியாரின் பெட்டியை மட்டும் கையில் ஏந்தி வெளியே வந்தார். முகத்தில் வருத்தம்.

“சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதின சொல்ல பெட்டி ஏத்துக்க மாட்டேங்குது. அது நிஜமில்லையாம்.”

வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த பொய்! அதை ஒரு பெட்டி கண்டுபிடித்துவிட்டது! அங்கேயே நின்று சரியான சொல்லை எழுதிப் போட்டார். அன்றிலிருந்து அவர் ரசிகர் இல்லை, தொண்டர். கூடத்தில் மைக்கைப் பிடித்து, “நானே சோதிச்சுப் பாத்தாச்சு!” என்று வாரம் தவறாமல் முழங்கினார்.

வீட்டில் மட்டும் முழக்கம் எடுபடவில்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இருபத்தைந்து வருடமாகச் சின்னச் சின்னக் குழாய்களில் மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் சட்டென்று அசராத குணம் வந்திருந்தது.

“இன்னிக்கு இருநூத்திப் பதினேழு!” என்றார் வாத்தியார், காலைக் காபியோடு பெட்டியைப் பார்த்து.

“என்ன இருநூத்திப் பதினேழு?”

“தாக்குதல். ராத்திரி நாம தூங்குறப்ப இருநூத்திப் பதினேழு பேர் வந்து முட்டிப் பாத்துட்டு ஓடியிருக்கான்.”

“நம்ம வீட்டுக்கா? நம்ம வீட்ல என்னங்க இருக்கு?”

“என் புத்தகம் இருக்கே!”

“அத ஓசியில குடுத்தாக்கூட பதிப்பாளர் யோசிக்கிறாரு. இருநூத்திப் பதினேழு பேர் திருட வர்றாங்களாக்கும்.” அவள் டிபன் டப்பாவை மூடினாள். “சரி, வெறும் தண்ணி ஓட்டிப் பாத்தீங்களா?”

“எதுல?”

“பெட்டியிலதான். எங்க மெஷினுக்கு தினம் காலையில முதல்ல வெறும் தண்ணியத்தான் குடுப்போம். தண்ணியில சர்க்கரை இருக்குன்னு சொல்லிச்சுன்னா, அன்னிக்கு மெஷின் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அப்புறம்தான் மனுஷன் ரத்தம். உங்க பெட்டிக்கு அந்த மாதிரி ஏதாவது பாத்தீங்களா?”

“நான் சோதிச்சாச்சும்மா!”

“எப்படி?”

“அது... உனக்குச் சொன்னாப் புரியாது. குவாண்டம்.”

அவள் செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, “புத்தகப் பிரதி இருக்கிற அந்த வெளி டிஸ்க்க என்ன பண்ணப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“இன்னிக்கு அழிச்சுடப் போறேன். விதி ரெண்டு.”

“ஓஹோ” என்றாள். உள்ளே திரும்பி வந்தாள். எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிப் பத்து நிமிடம் கணினி இருந்த அறையில் தேடிவிட்டுப் போனாள். அன்று மாலை வாத்தியார் கவசக்காரரை வீட்டுக்கே வரவழைத்து, அவர் முன்னிலையில் டிஸ்க்கை அழித்தார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நான்கு மாதம் வாத்தியார் நிம்மதியாக இருந்தார். பன்னிரண்டாவது அத்தியாயத்தை எழுதி முடித்தார். அதன் தலைப்பு, ‘படித்தவன் ஏமாறுவதில்லை’.

முதல் அடி தரைத்தளத்தில் விழுந்தது. அங்கே ஒரு தையல்காரம்மா குடியிருந்தார். கணினியில் ஆர்டர் பிடித்து, அளவு வாங்கி, தைத்து அனுப்புகிறவர். ஒரு நாள் காலை அவர் மின்னஞ்சல் அவருக்கே திறக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் பெயரில் கடிதம் போயிருந்தது: முன்பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடவும். பாதிப் பேர் போட்டுவிட்டார்கள்.

கழுத்தில் அளவு நாடாவோடு நேரே மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தார்.

“வாத்தியார் சார், பெட்டியில பச்சதான் எரியுது. அப்புறம் எப்படி சார்?”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “நீங்க... பெட்டி மேல சந்தேகப்பட்டீங்களா?”

“லேசாப் பட்டேன்.”

“அதான்!”

சொன்ன வாய் மூடவில்லை. வாத்தியாருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. இந்த ‘அதான்’ எங்கோ கேட்ட குரல். தாயத்துக்காரன் ஒருவன் முன்பு சொன்னது. அவன் சட்டையைப் பிடித்து மேடைக்கு இழுத்தவர் வாத்தியார்தான். உறுத்தலை ஒரு மடக்குக் காபியோடு விழுங்கிவிட்டார்.

“நீங்க வாங்கினீங்கன்னுதான் சார் நான் வாங்கினேன்” என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா படியிறங்கிப் போனார். அதை விழுங்கக் காபி போதவில்லை.

இரண்டாவது அடி புதன்கிழமை. வாத்தியாருக்கு ஒரு மின்னஞ்சல். ‘தலைசிறந்த பகுத்தறிவாளர் விருதுக்குத் தாங்கள் தேர்வாகியுள்ளீர்கள். சான்றிதழ் இணைப்பில்.’ அனுப்பியவர் யாரென்று தெரியாது. அப்படியொரு அமைப்பைக் கேள்விப்பட்டதும் இல்லை. வேறு யாராவது இப்படித் திறக்கப் போனால் வாத்தியாரே கையைத் தட்டிவிட்டிருப்பார். ஆனால் விருது அவருக்கல்லவா? ஒருமுறை பெட்டியைப் பார்த்தார். பச்சை. சான்றிதழைச் சொடுக்கினார்.

சான்றிதழ் வந்தது. கறுப்புத் திரை, சிவப்பு எழுத்து: ‘உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. சாவி வேண்டுமானால் பணம் அனுப்பவும்.’

பதினோரு வருடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் பெட்டி பச்சையாகச் சிரித்தது. எண் ஒன்று கூடியது. இதையும் தடுத்துவிட்டதாம்!

கவசக்காரருக்கு போன் போட்டார்.

“பெட்டி மேல ஏதாவது வச்சீங்களா சார்?”

“இல்லியே... கண்ணாடி வச்சிருந்தேன். மூக்குக் கண்ணாடி.”

“அதான்!”

போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

மாலை மனைவி வேலை முடிந்து வந்தபோது வாத்தியார் திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் திரையைப் படித்தாள். பையை வைத்தாள்.

“பெட்டி சரியாதாம்மா இருக்கு” என்று வாத்தியார் ஆரம்பித்தார். தோற்றுப்போன வழக்கின் வக்கீல் குரல். “தப்பு என்மேல. கண்ணாடிய மேல வச்சுட்டேன். பெட்டிய நான் சோதிச்சவன். வேணும்னே தப்பான பாஸ்வேர்ட எழுதிப் போட்டேன், அவர் உள்ள போயிட்டு வந்து இது நிஜமில்லைன்னு கரெக்டா சொன்னாரு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது!”

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“எதுக்குச் சிரிக்கிற? என் புத்தகம் போச்சு!”

“என்னங்க... அவன் உள்ள போய் உங்க மெயிலத் திறந்து பாத்திருக்கான். திறக்கல. வெளிய வந்து சரியான சாவியக் குடுங்கன்னு கேட்டிருக்கான். நீங்களும் நின்ன எடத்துலயே எழுதிக் குடுத்திருக்கீங்க!”

வாத்தியாருக்கு உறைத்தது. ஆயிரம் மேடையில் அவர் சொன்ன ஒரே பாடம் அதுதான்: ‘அதிசயத்தைப் பார்த்தால், இது வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று கேளுங்கள்.’ கேட்டது அவர் மனைவி. அதுவும் பையிலிருந்து காலி டப்பாவை எடுக்கக்கூட நேரமில்லாமல்.

“இப்பத் தண்ணி ஓட்டலாமா?” என்று அவள் எழுந்து போய் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். கணினியையும் அணைத்தாள். கவசப் பெட்டியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள், தக்காளிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் வைத்து மூடினாள். கால் மணி நேரம் கழித்துத் திறந்தாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணிக்கையில் ஒன்பது கூடியிருந்தது.

“தக்காளிய யாரோ தாக்கியிருக்காங்க” என்றாள்.

அன்று மாலையே வேறொரு போனிலிருந்து அவருடைய கடவுச்சொற்களையெல்லாம் உட்கார்ந்து மாற்ற வைத்தாள். அதன் பிறகு தன் போனில் ஒரு புது மின்னஞ்சல் முகவரி தொடங்கினாள். அந்த முகவரி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதில் தனக்குத்தானே ஒரே ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டாள். முகவரியையும் கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டாள்.

“சனிக்கிழமை நீங்க மைக்குல பேசுவீங்கல்ல?”

“பேசணுமா? எல்லாரும் சிரிப்பாங்களே! அவன் கிட்ட தனியாப் போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு, பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு...”

“கீழ் வீட்டம்மாவுக்கு என்ன சொல்லுவீங்க?”

வாத்தியார் தலையைக் குனிந்தார். கட்டிலுக்கடியில் ஆணிப்பலகை கிடந்தது. நாற்பது வீடும் சேர்ந்து ஏமாந்தால் வலி நாற்பதாகப் பங்கு போட்டுக்கொள்ளப்படும், ஒருவருக்கும் உறைக்காது. மேடையேறி ‘ஏமாந்தது நான்’ என்று சொல்வது ஒற்றை ஆணி மேல் படுப்பது. முப்பது வருடத்தில் அவர் அதில் படுத்ததே இல்லை.

சார்ஜ் ஏற்றும் சனிக்கிழமை வந்தது. கூடம் நிரம்பியது. கவசக்காரர் வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டிகளைக் கூடையில் அள்ளி, “செயலாளர் சார் ரெண்டு வார்த்தை பேசட்டும். நான் சார்ஜ் ஏத்திட்டு வந்துடறேன்” என்று பக்கத்து அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வாத்தியார் மைக்கைப் பிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். நான்... வழக்கமா இந்த எடத்துல நின்னு, நானே சோதிச்சுப் பாத்தாச்சுன்னு சொல்லுவேன்.”

கைதட்டல்.

“தட்டாதீங்க. நான் சோதிச்ச லட்சணத்தப் பத்திதான் பேசப் போறேன். முதல்ல ஒண்ணு பாப்போம். தாய்ப்பெட்டியில இப்ப எவ்வளவு?”

“அம்பத்தோராயிரத்து முந்நூத்தி ரெண்டு!” என்று ஐந்தாறு பேர் கத்தினார்கள்.

“இது யாரைத் தடுக்குது?”

“நம்ம நெட்டுல வர்றவனை!”

“சரி. நெட்டே இல்லைன்னா?”

கூடத்தின் மூலையில் மொத்தக் குடியிருப்புக்குமான இணைப்புப் பெட்டி இருந்தது. அதன் சாவி சங்கச் செயலாளரிடம்தான். வாத்தியார் போய்ச் சுவிட்சை அணைத்தார். நாற்பது வீட்டிலும் இணைப்பு போயிற்று. உடனே நாலு பேர் போனைத் தூக்கிப் பார்த்து முணுமுணுத்தார்கள்.

தாய்ப்பெட்டி மட்டும் அசரவில்லை. 51,303. 51,304. 51,306.

எல்லோரும் எண்களையே பார்த்தார்கள்.

“கதவே இல்லாத வீட்டுக்குள்ள ரெண்டு பேரா நுழையறாங்க, பாருங்க” என்றார் வாத்தியார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. மேசைக் கணினியை லிஃப்டில் இறக்கியவர். “பழைய தாக்குதல் மிச்சம் இருக்கும் சார்! காத்துல!”

“போன வாரம்வரைக்கும் நானும் இதத்தான் சொல்லியிருப்பேன்யா” என்றார் வாத்தியார்.

அப்போதுதான் முன்வரிசையில் மொபைல் டேட்டாவில் ஓடிய மனைவியின் போன் ‘டிங்’ என்றது. அவள் எழுந்து உரக்கப் படித்தாள். “உங்கள் கணக்கில் புதிய கருவி ஒன்றிலிருந்து இப்போது நுழைந்திருக்கிறார்கள். அது நீங்கள்தானா?” நிமிர்ந்து பார்த்தாள். “இல்ல, நான் இங்க நிக்கிறேன். இந்தக் கணக்கு பிறந்து மூணு நாள்தான் ஆகுது. பாஸ்வேர்டு எழுதின ஒரே காகிதம் எங்க பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி அந்த ரூமுக்குள்ள இருக்கு.”

எண்பது கண்களும் ஒரே நேரத்தில் பக்கத்து அறைக் கதவின் மேல் விழுந்தன.

“நெட்டத்தான் அணைச்சாச்சே. அவர் எப்படி நுழைஞ்சாரு?” என்று ஒருவர் கேட்டார்.

“அவர் சொந்த நெட்டுல. நாம காவல் குடுத்து வச்சிருக்கிற நெட்டுல அவருக்கே நம்பிக்கை இல்ல” என்றார் வாத்தியார்.

தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. கவசக்காரர் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒரு கையில் தோள்பை. இன்னொரு கையில் கையுறையைக் காணோம்.

“இன்னிக்குச் சார்ஜ் போதும்... எனக்கு ஒரு அவசர வேலை...”

“என் லெட்டரப் படிச்சீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

அவள் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட கடிதத்தின் தலைப்பு, ‘வங்கிக் கணக்கு விவரம்’. உள்ளே ஒரே வரி: ‘வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் வெளிய காத்துக்கிட்டிருக்கோம்.’

கவசக்காரர் வாசலைப் பார்த்து நடந்தார். நடை ஓட்டமாக மாறும் நேரத்தில், வாசலில் ஒரு நாற்காலி குறுக்கே வந்தது. அதில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா.

“எங்க போறீங்க? உங்களுக்கு அளவு எடுக்க வேண்டாமா?”

தோள்பையைத் திறந்தபோது நாற்பது சீட்டுகளும் இருந்தன. வீட்டு எண் வாரியாக, பச்சை மையில் குறிப்புகள். தையல்காரம்மாவின் சீட்டில் ‘முடிந்தது’. வாத்தியாரின் சீட்டில் ‘விருது சொன்னால் திறப்பான்’. வாத்தியார் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அவரைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களிலேயே மிகச் சுருக்கமானதும் மிகச் சரியானதும் அதுதான்.

யாரோ ஒரு குட்டிப் பெட்டியைத் தரையில் போட்டு உடைத்தார்கள். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு விளக்கு, தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு துளி சர்க்யூட். போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வரும்வரை கவசக்காரரைத் தாய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அது 51,940ஐத் தாண்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் மறுபடி மைக்கிடம் போனார்.

“ஏமாத்தினது அவர். ஆனா உங்க வீட்டுக் கதவ அவருக்குத் தட்டிக் காட்டினது நான். அவர் பேசினது எனக்குப் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். கீழ் வீட்டம்மா கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். உங்க வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணி, தப்பு உங்க மேல இல்ல, என் மேலன்னு சொல்றேன்.”

ஒற்றை ஆணி நன்றாகவே குத்தியது. ஆனால் எழுந்து நிற்க முடிந்தது.

“பட்டியல் ரொம்பப் பெரிசு சார். இன்னிக்கே ஆரம்பிங்க” என்றார் தையல்காரம்மா.

அப்போது மேசைக் கணினிக்காரர் கையைத் தூக்கினார். “அப்ப நாங்க என்னதான் சார் பண்றது?”

மனைவி பதில் சொன்னாள். “அப்டேட்டு வந்தா உடனே போடுங்க. ஒரு இடத்துல வச்ச பாஸ்வேர்ட இன்னொரு இடத்துல வைக்காதீங்க, யாருக்கும் எழுதிக் குடுக்காதீங்க. போனுக்கு ஒரு நம்பர் வந்து, அதையும் போட்டாத்தான் திறக்கிற மாதிரி வச்சுக்கோங்க. முக்கியமானத வேற டிஸ்க்குல பிரதி எடுத்து, பிடுங்கி, பீரோவுல வையுங்க. தெரியாதவன் விருது குடுத்தா வாங்காதீங்க.”

“அவ்வளவுதானா?” கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். விளக்கு இல்லை, எண் இல்லை, கையுறை இல்லை.

“அது சரிம்மா” என்றார் மேசைக் கணினிக்காரர், குரலைத் தாழ்த்தி. “இது போலிப் பெட்டி. ஒரிஜினல் பெட்டி எங்க கிடைக்கும்?”

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளும்போதே, நான்கு மாதத்துக்கு முன்னால் தானும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியதால், கொஞ்சம் மெதுவாக அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தாள். ரத்தம் எடுக்கும் குழாய்தான். மேலே அவள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டில் தேதி. உள்ளே ரத்தமில்லை, ஒரு பென் டிரைவ்.

“என்ன இது?”

“ரெண்டாவது குழாய். எங்க லேப்ல எதையும் ஒத்தைக் குழாயில எடுக்க மாட்டோம். டிஸ்க்க அழிக்கப் போறேன்னு சொன்னீங்களே, அன்னிக்குக் காலையிலயே எடுத்து லேப் டிராயர்ல வச்சுட்டேன்.”

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. உடனே கோபமும் வந்தது. “புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே! மூணு நாளா நான் செத்துப் பிழைச்சேன்!”

“சொல்லியிருந்தா மேடை ஏறியிருப்பீங்களா?”

யோசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. “மாட்டேன்.”

மனைவியின் மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகினார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை அத்தியாயங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பன்னிரண்டாவது இல்லை. அது பிரதி எடுத்த பிறகு எழுதியது. உலகத்தில் அது பூட்டிய கணினிக்குள் மட்டும்தான் இருந்தது. அதன் தலைப்பை வாத்தியார் நினைத்துப் பார்த்தார்: ‘படித்தவன் ஏமாறுவதில்லை’.

புத்தகம் முழுவதிலும் தொலைந்தது அது ஒன்றுதான். தோளெல்லாம் குலுங்க வாத்தியார் சிரித்தார்.

பிறகு அன்று மாலையே உட்கார்ந்து பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் புதிதாக எழுத ஆரம்பித்தார். முதல் வரி இப்படி இருந்தது:

‘பச்சை விளக்கு எரிந்த ஒரு பெட்டிக்கு என் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன்; உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு, பச்சை விளக்குப் பெட்டியில் எண் அப்போதும் ஓடுகிறதா என்று பாருங்கள்.’